இடப்பக்கம் இழுக்கிற அறை

எங்கள் கந்தோரில் தலைசுற்றலை நாலு சொல்லால் அளந்தோம். கதிரை, பஸ், லோஞ்ச், மாரி லோஞ்ச். ‘கதிரை’ என்றால் ஒரு கரைச்சலும் இல்லை, வீட்டில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. ‘பஸ்’ என்றால் லேசாகக் குமட்டும், சமாளிக்கலாம். ‘லோஞ்ச்’ என்றால் மோட்டார்ப் படகில் கடல் கடக்கிற மாதிரி, கண்ணையும் காதையும் மூடியிருக்கிற ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு யன்னலடிக்கு ஓட வேண்டும். ‘மாரி லோஞ்ச்’ என்றால் மாரிகாலக் கடலில் அதே படகு, அன்றைக்கு அதோடு வேலை முடிந்தது. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் வாடிக்கைக் கம்பனிக்குப் போன அறிக்கைகளிலும் இந்தச் சொற்களைத்தான் எழுதினோம். அவர்கள் முதலில் இதென்ன, அதென்ன என்று கேட்டார்கள். பிறகு அவர்களே ‘மூன்றாம் அறை லோஞ்ச்’ என்று எழுதி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த அளவுகோல் அக்காவுடையது. எங்கள் மூன்று பேரிலும் மூத்தவர் என்பதால் அக்கா. பெயர் இருந்தது, இங்கே சொல்ல விருப்பமில்லை. பிறந்தது கட்டைபறிச்சானில். பாலங்கள் வருவதற்கு முந்திய காலத்தில் மூதூரில் லோஞ்ச் ஏறி, குடாவைக் கடந்து, திருகோணமலைக்குப் படிக்க வந்தவர். ஏறின நாளெல்லாம் குமட்டிச் சத்தி எடுத்தவர். பஸ்ஸிலும் எடுப்பார். ஓட்டோவில் பின்னுக்குத் திரும்பிப் பார்த்தாலே எடுப்பார். அந்தச் சத்தியை வைத்தே அவர் ஒரு தொழில் நடத்தினார் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. இப்போது சொல்வதில்லை. அவர் செத்துவிட்டார். அவருடைய தலைக்குள்ளே ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது, நாங்கள் அதைக் கம்ப்யூட்டருக்குள்ளே தேடிக்கொண்டிருந்தோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லி உங்களைத் திடுக்கிட வைக்கிற எண்ணம் எனக்கில்லை.

நாங்கள் செய்த வேலை என்னவென்றால், பெரிய கம்பனிகளிடம் பல வருடமாகப் பலபேர் மாறி மாறி எழுதிய புரோகிராம்கள் கிடக்கும். எழுதியவர்களில் பாதிப்பேர் வேலையை விட்டுப் போயிருப்பார்கள். முழுதாக விளங்கினவர் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார். அந்தப் புரோகிராமை ஒரு வீடாகக் கட்டி, அதில் வேலை செய்கிறவரை ஹெட்செட் போட்டுக்கொண்டு உள்ளே நடந்து பார்க்க வைப்பதுதான் எங்கள் வேலை. புரோகிராமின் ஒவ்வொரு துண்டும் ஓர் அறை. சுவரிலே அந்தத் துண்டின் கோட் வரிகள் எழுதியிருக்கும். ஒரு துண்டு இன்னொன்றைக் கூப்பிட்டால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. எது எந்தக் கதவால் போகிறது, எங்கே போய் அடைபட்டு நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஒரு கதவைச் சாத்திவிட்டு, வீடு என்ன பாடுபடுகிறது என்றும் பார்க்கலாம். வீட்டை யோசித்து வடிவமைப்பது அக்கா. கோட் எழுதுவது கிண்ணியாவில் இருந்து வரும் றிஸ்வி. சுவர், வெளிச்சம், நிறம், எழுத்தின் அளவு என்று கண்ணுக்குத் தெரிகிற எல்லாம் நான்.

கந்தோர் உட்துறைமுக வீதியில், வலையும் கயிறும் விற்கிற ஒரு கடைக்கு மேல்மாடி. எந்நேரமும் நைலோன் மணம். ஹெட்செட் போட்டவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது, படிக்கட்டு வாசல் வேறு கதவில்லாமல் திறந்து கிடக்கும். அதனால் அக்கா கீழ்க்கடையில் ஒரு கயிறு வாங்கினார். உள்ளே போகிறவர் அதை இடுப்பில் கட்ட வேண்டும், மற்ற நுனியை இன்னொருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பெரும்பாலும் கட்டிக்கொண்டது அவர், பிடித்துக்கொண்டு நின்றது நான்.

“மாட்டைக் கட்டின மாதிரிக் கிடக்கு,” என்று முதல்நாள் சொன்னேன்.

“மாடு விழுந்தா நட்டம். பிடியடி,” என்றார்.

அவருக்குத் தன் தலை மேல் இருந்த நம்பிக்கை, சாமி மேல் இருந்ததோ தெரியாது. ஹெட்செட்டில் தலைசுற்றுவது ஏனென்றால், நீங்கள் தலையைத் திருப்புவதற்கும் படம் திரும்புவதற்கும் இடையில் ஒரு சொட்டுத் தாமதம் வந்துவிடும். அந்தத் தாமதத்தை அளக்கக் கருவிகள் உண்டு. றிஸ்வி அளந்து, எல்லாம் சரி என்று கணக்குக் காட்டுவார். அக்கா குமட்டலுக்கென்று மேசையில் வைத்திருக்கிற தேசிக்காயை நகத்தால் சுரண்டி மணந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு சொல்வார்: “உங்கட நம்பர் சத்தி எடுக்குமோ தம்பி? எடுக்காது. நான் எடுப்பன். என்ர தலை பொய் சொல்லாது.”

உண்மையிலேயே அது பொய் சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். அவர் ஒருதரம் பிழையாகச் சொல்லியிருந்தால் நாங்கள் பிறகு சந்தேகப்பட்டிருப்போம்.

ஒருமுறை எல்லா அறைக்கும் ஒரு யன்னல் வேண்டும் என்றார். யன்னலுக்கு வெளியே ஒரு மலை. கோட் எழுதுகிறவனுக்கு மலை எதற்கு என்று நான் சண்டை பிடித்தேன். லோஞ்சில் ஒரு கிழவர் தன்னைக் கண்டால் “பிள்ள, தண்ணியைப் பாக்காத, மலையைப் பார்” என்று சொல்வாராம். மலை அசையாது, அசையாத ஒன்றைப் பார்த்தால் வயிறு அடங்கும். அவ்வளவுதான் அவருடைய நியாயம். நான் முகத்தை நீட்டிக்கொண்டு, ஏனோதானோ என்று ஒரு மலையை வரைந்து கொடுத்தேன். அதைப் போட்டதும் வாடிக்கைக் கம்பனியில் இருந்தவர்கள் முன்னையைவிட அதிக நேரம் உள்ளே வேலை செய்யத் தொடங்கினார்கள். பிறகு ஒரு தரம் கைதவறி அந்த யன்னல் இல்லாமல் ஒரு பதிப்பு போய்விட்டது. அங்கே ஆளுக்காள் தலையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் மலை எங்கே என்று கேட்டு எழுதினார்கள். அக்கா அதை எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டு தரம் வாசித்தார்.

எனக்குத் தலைசுற்றல் என்று ஒன்றும் ஏறாது. எவ்வளவு மோசமான பதிப்பையும் போட்டுக்கொண்டு, உள்ளேயே நின்று பாண் சாப்பிடுவேன். “நீ ஒரு மரக்கட்டை, உன்னை வைச்சு ஒண்டையும் பாக்கேலாது” என்பார் அக்கா. அவருடைய கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறவர், நாங்கள் அத்தான் என்று கூப்பிடுவோம். அவரும் என்னைப் போலத்தான், எந்தக் கடலுக்கும் அசையமாட்டார். “ரெண்டு கட்டையளுக்கு நடுவில நான் வாழுறன்” என்று சொல்லி அக்கா பெருமூச்சு விடுவார்.

பிறகு ஒரு காலம் வந்தது. எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. முதலில் கயிற்றில்தான் தெரிந்தது. அக்கா உள்ளே நடக்கும்போது கயிறு எந்நேரமும் ஒரே பக்கம் இறுகியது.

“நடைபாதை இடப்பக்கம் சரிஞ்சு கிடக்கு,” என்றார். “இழுக்குது. றிஸ்வி, பாருங்கோ.”

றிஸ்வி பார்த்தார். ஒன்றும் சரியவில்லை. கணக்கைக் காட்டினார். அக்கா தேசிக்காயைச் சுரண்டினார். றிஸ்விக்கு யன்னல் கதை நினைவு வந்திருக்க வேண்டும், திரும்பப் போய்ப் பார்த்தார். பார்க்கப் பார்க்க எந்தக் கோட்டிலும் ஏதாவது ஒரு குறை அகப்படும். அகப்பட்டதைத் திருத்தினார். அக்கா உள்ளே போய் வந்து, “கொஞ்சம் பரவாயில்லை, பஸ்” என்றார். இரண்டு கிழமையில் திரும்பவும் லோஞ்ச். கடைசியில் றிஸ்வி, வீடு முழுவதையும் ஒரு மயிரளவு வலப்பக்கம் சாய்த்துவிட்டார். அக்கா உள்ளே நடந்தார், கயிறு தளர்ந்தது. “இப்ப கதிரை” என்று சொல்லிச் சிரித்தார். எங்களுக்கும் பெரிய சந்தோசம். கீழே போய் மூன்று பேரும் சர்பத் குடித்தோம்.

அதற்குப் பிறகு இடப்பக்கக் காதில் சத்தம் குறைவு என்றார். றிஸ்வி ஹெட்செட்டை மாற்றினார். இன்னும் குறைவு என்றார். றிஸ்வி கோட்டுக்குள் போய் இடப்பக்கச் சத்தத்தைக் கூட்டினார். சாய்வு திரும்பவும் வந்தது. இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தார். அவர் தலை மெல்ல மெல்லச் சரிந்துகொண்டு போக, நாங்கள் உலகத்தை அதற்கேற்றபடி சரித்துக்கொண்டு போனோம். வேறு எந்தத் தொழில் செய்கிறவர்களும் இப்படி ஒரு வேலை பார்த்திருக்க மாட்டார்கள். மீன்பிடிக்கிறவனுக்குத் தலைசுற்றினால் கடலைத் திருத்தப் போவானா?

வாடிக்கைக் கம்பனியில் இருந்து கடிதம் வந்தது. வீடு வலப்பக்கம் சாய்கிறது, இடப்பக்கக் காது அடைக்கிறது, எல்லாருக்கும் லோஞ்ச். றிஸ்வி அதைக் கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைத்தார். நான் பேசினேன்.

“அக்கா, எல்லாருக்கும் வலப்பக்கம் எண்டா, உங்களுக்கு மட்டும் ஏன் இடப்பக்கம்?”

“அவையள் சும்மா வேலைக்குள்ள நடக்கிற ஆக்கள். கவனிக்க மாட்டினம்.”

“யன்னல் இல்லாததைக் கவனிச்சவைதானே?”

அவர் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தார். அவரிடம் அன்றுவரை நான் கண்டிராத ஒரு முகம் அது. பிறகு, “எனக்கு எப்பவும் சுத்துறதுதானே, அது உனக்குப் புதுசே?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

அவருக்கு என்ன பயம் என்று எனக்கு இப்போது தெரியும். தன் தலை பொய் சொல்லத் தொடங்கிவிட்டதென்றால் அவரிடம் வேறு ஒன்றும் இல்லை. கோட் றிஸ்வி, படம் நான். அவர் கொண்டுவந்தது அந்தத் தலையை மட்டுந்தான். அதைக் கொண்டுபோய் ஒரு டொக்டரிடம் காட்டி, இதில் பிழை உண்டா என்று கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு பின்னேரம். கம்பனிக்கு முடிவு சொல்ல வேண்டும் என்று அக்கா கடைசியாக ஒருமுறை உள்ளே போனார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். றிஸ்வி கம்ப்யூட்டரடியில். அக்கா நடைபாதையில் பாதி தூரம் போயிருப்பார், மேலே ஃபான் நின்றது. கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டரும் நின்றது.

“கரண்ட் போட்டுது அக்கா, அப்பிடியே நில்லுங்க,” என்றார் றிஸ்வி.

“நிக்கிறன்.”

கீழ்க்கடையில் யாரோ ஜெனரேட்டர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், அது பிடிக்கவில்லை. நாங்கள் சும்மா நின்றோம். அப்போது என் கையில் கயிறு இறுகியது. நின்ற இடத்திலேயே அக்கா இடப்பக்கம் சரிந்துகொண்டிருந்தார்.

“றிஸ்வி,” என்றார். “பாருங்கோ, இப்பவும் இழுக்குது.”

ஹெட்செட்டுக்குள்ளே அறை இல்லை, நடைபாதை இல்லை, மலையும் இல்லை. இருட்டு மட்டும்தான். அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அவர் கையை மெல்ல உயர்த்தி ஹெட்செட்டைக் கழற்றினார். திருப்பி அதன் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார்.

“அப்ப உங்கட கோட்டில பிழையில்ல,” என்றார்.

றிஸ்வி குனிந்துகொண்டார்.

“சும்மா உங்களைப் போட்டு அலைக்கழிச்சுப் போட்டன், என்ன?”

கதிரையை இழுத்துக் கொடுத்தேன், இருந்தார். கயிற்றை அவிழ்க்கப் போனேன். முடிச்சு இறுகிக் கிடந்தது, விரலுக்கு அசையவில்லை. றிஸ்வி கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டினார். நான் அத்தானுக்கு ஃபோனில் கோல் எடுத்தேன்.

கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். இடக்காதுக்குப் பின்னால், மூளையை ஒட்டி ஒரு கட்டி. “கட்டி கெட்ட சாதியில்ல, நீங்கள் பிந்தி வந்திட்டீங்கள்” என்று டொக்டர் சொன்னாராம். அத்தான் இதை எங்களுக்குச் சொன்னபோது எந்தச் சொல்லையும் அழுத்தாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். வெட்டினார்கள். அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

செத்த வீட்டில் நான் அழவில்லை. சோகத்தை அடக்கிக்கொண்டேன் என்று இல்லை. ஒன்றுமே இருக்கவில்லை, அதுதான் உண்மை. வந்தவர்களுக்குக் கதிரை காணாது என்று பக்கத்து வீடுகளில் வாங்கிக்கொண்டு வந்தேன். பிளேன்டீக்குச் சீனி காணாது என்று குசினியில் ஒருவரோடு சண்டை பிடித்தேன். அத்தான் என்னைக் கூப்பிட்டு, “வீட்டில ஒருநாளும் சொன்னவ இல்ல பிள்ளை. சுத்துதோ எண்டு நான் கேட்டா, அது கந்தோர்ச் சுத்து, கந்தோரில திருத்துறாங்கள் எண்டுவா” என்றார். நான் ஓம் என்றேன். இன்னும் யாருக்கோ தேத்தண்ணி கொடுக்கப் போனேன்.

எனக்கு அவர் மேல் கோபம். அது மட்டும் உடனேயே வந்தது, இன்னும் போகவில்லை. எங்களுக்குச் சுவரையும் மலையையும் கதவையும் பார்க்கச் சொல்லித் தந்தவர், தன் காதை எங்களிடம் ஹெட்செட் பழுது என்று சொல்லித் தந்தார். நாங்களும் மாற்றிக் கொடுத்தோம்.

எல்லாம் முடிந்து கந்தோர் திறந்த அன்றைக்கு றிஸ்வி கேட்டார்: “அந்தச் சாய்வைக் கழட்டுவமா?”

“கழட்டுங்கோ. அதுக்கு என்ன கேள்வி?”

“இல்ல, கேட்டன்.”

சாய்வு இரண்டு வரிக் கோட். சத்தம் ஒரு வரி. அழித்தார். நான் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். எல்லா அறைக்கும் போனேன், யன்னலில் மலை நின்றது. நான் ஏனோதானோ என்று வரைந்த மலை, வலப்பக்கச் சரிவு கொஞ்சம் பிழை. தலை சுற்றவில்லை, நெஞ்சும் ஒன்றும் செய்யவில்லை. கழற்றிவிட்டுச் சரி என்றேன். அனுப்பினோம். கம்பனியில் இருந்து ‘கதிரை’ என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. நாங்கள் அதற்குப் பிறகு அந்தச் சொற்களை எழுதவில்லை. பேசிக்கொள்ளாமலே இரண்டு பேரும் நம்பருக்கு மாறிவிட்டோம்.

பரிசோதனைக்கு உள்ளே போகிற வேலை றிஸ்விக்கு வந்தது. மரக்கட்டையை வைத்து ஒன்றும் பார்க்க ஏலாதே. கயிறு பிடிக்கிற வேலை எனக்கு, முந்தி மாதிரியே. வெட்டின கயிற்றை அவர் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

போன மாதம், ஒரு காலைநேரம், றிஸ்வி உள்ளே திரும்பி நடந்தவர் நின்று, சுவரைப் பிடித்தார். ஹெட்செட்டைக் கழற்றினார். யன்னலடிக்கு ஓடினார். திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தலை சுத்துது” என்றார். சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் இருந்து, கோட்டைத் திறந்தார்.

நான் போய்க் கம்ப்யூட்டரை நிறுத்தினேன். வயரோடு பிடுங்கினேன்.

“என்ன செய்யுறீங்க?”

“எழும்புங்கோ.”

“எங்க?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“அட, காலம சாப்பிடயில்ல, அதுதான்.”

“எழும்புங்கோ எண்டு சொன்னனான்.”

அவர் இடுப்பில் கயிறு அப்படியே இருந்தது, நுனி என் கையில். அப்படியே படியால் இறக்கினேன். கீழ்க்கடைக்காரர் வலையை மடிக்கிறதை விட்டுவிட்டுப் பார்த்தார். ஓட்டோக்காரர் கயிற்றைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் ஓட்டினார். றிஸ்வி வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். ஆனால் கயிற்றை அவரும் அவிழ்க்கவில்லை.

டொக்டர் இளம் பொம்பிளை. “எவ்வளவு நாளா?” என்று கேட்டார்.

“இண்டைக்கு. ஒருக்கா,” என்றார் றிஸ்வி.

“ஒருக்காத்தானோ?”

“ஸ்கான் எடுக்கச் சொல்லுங்கோ,” என்றேன் நான்.

டொக்டர் என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றைப் பார்த்தார். கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, றிஸ்வியைக் கண்ணை மூடி நடக்கச் சொன்னார். றிஸ்வி சுவர்வரைக்கும் நடந்தார். டொக்டர் காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கி, இரண்டு காதும் கேட்கிறதா என்று கேட்டார். கேட்கிறது என்றார் றிஸ்வி.

“இடக்காதை இன்னொருக்காப் பாருங்கோ,” என்றேன்.

பார்த்தார். “இவருக்கு ஒண்டும் இல்ல அக்கா,” என்றார். “நேராத்தான் நடக்கிறார். காலமச் சாப்பாட்டை விடவேணாம் எண்டு சொல்லுங்கோ.”

வழியில் ஒரு கடையில் நிறுத்தி, றிஸ்விக்கு இடியப்பம் வாங்கிக் கொடுத்து, அவர் முடிக்கும்வரை முன்னால் இருந்தேன். கந்தோருக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டார். அந்தக் கிழமை புதிதாக எழுதின துண்டைத் திறந்தார். நான் பின்னால் நின்றேன். கனநேரம் எடுக்கவில்லை. தலையை வேகமாகத் திருப்பும்போது மட்டும் படம் ஒரு சொட்டுப் பிந்துகிற இடம் ஒன்று அதில் இருந்தது.

“இஞ்ச பாருங்க,” என்றார். “பிழை எங்கடதான்.”

“நிச்சயமோ?”

“நிச்சயம். கோட்டிலதான்.”

அவர் காட்டின வரியைப் பார்த்தேன். ஒரு பிழையைக் கண்டு எனக்கு அப்படி ஒரு சந்தோசம் வந்ததே இல்லை. பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்தேன். அது அக்காவின் கதிரை. அங்கே இருந்துதான் அழுதேன், செத்த வீட்டில் அழாததையெல்லாம் சேர்த்து, மூக்கு வடிய, வெட்கமில்லாமல். றிஸ்வி ஃபானைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

முடித்துவிட்டு அறிக்கையைத் திறந்தார். விரல் விசைப்பலகை மேல் நின்றது.

“எவ்வளவு எண்டு போடுறது?”

“சத்தி எடுத்தது நீங்கதானே. நீங்க சொல்லுங்கோ.”

கொஞ்சம் யோசித்தார். அவரும் சின்ன வயதில் கிண்ணியாவில் இருந்து படகேறிப் படிக்க வந்தவர்தான்.

லோஞ்ச் என்று எழுதினார்.